தேர்க்கூட்டமும் பேண்டேஜ் துணியும்

ஆடிப்பூரத்துக்கு முந்தின வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பற்றிய என் பக்கங்களுக்கு வருகிற கூட்டம், ஆண்டின் வேறெந்த வாரத்திலும் வராது. தேர் எத்தனை மணிக்கு, வண்டியை எங்கே நிறுத்துவது, மதுரைக்குக் கடைசி பஸ் எப்போது, இவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டும். செல்போனில் அரை நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் தறியில் ஓடும் பேண்டேஜ் துணியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அதைப் படிக்க நாளொன்றுக்குச் சில டஜன் பேர் வந்தாலே பெரிது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் அந்தப் பக்கம்தான் அதிகம் சம்பாதித்திருக்கும். ஆடி மாதத்திலும் அப்படித்தான்.

விளம்பரத்தையும் அஃபிலியேட் கமிஷனையும் நம்பி வெப்சைட் நடத்த நினைத்து என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன். கூட்டத்துக்குக் காசு கிடையாது. வந்தவர் மனதில் வாங்கும் நினைப்பு இருக்கிறதா, அவரைப் பிடிக்க யாராவது பணம் கட்டத் தயாரா, இந்த இரண்டுக்கும்தான் காசு.

எங்கள் ஊர் மில் ஊர். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து, இங்கே ஒருவனைப் பார்த்தால் முதல் கேள்வி ‘எந்த மில்லு?’ என்பதுதான். நானும் ஒரு மில்லின் கணக்குப் பிரிவில் இருந்தவன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் முன் உட்காருவேன். கூகுள் ஆட்சென்ஸ் 2003லேயே வந்துவிட்டது. ஆனால் தமிழ்ப் பக்கத்தில் அந்த விளம்பரத்தைப் போட அனுமதி இல்லை. ஹிந்திக்கு 2014 டிசம்பரில் கதவு திறந்தார்கள். தமிழுக்கு 2018 பிப்ரவரி ஆனது. அந்த இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் இணையத்தில் தமிழில் அருமையாக எழுதிய எத்தனையோ பேர் ஹோஸ்டிங் கட்டணத்தைக் கைக்காசிலிருந்து கட்டினார்கள். நான் அந்த அளவுக்குத் தியாகி இல்லை. ஆங்கிலத்தில் எழுதினேன்.

எழுதியது எங்கள் ஊர் நாயைப் பற்றி. ராஜபாளையம் நாய் உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாட்டு நாய் இனங்களின் தபால்தலைகளில் இதுவும் ஒன்று. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. அந்த வெள்ளைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததில் செவிட்டுக் குட்டிகளும் கூடவே வந்தன. குட்டி வாங்குமுன் காது கேட்கிறதா என்று எப்படிச் சோதிப்பது, வெயில் தாங்குமா, அபார்ட்மெண்டில் வளர்க்கலாமா என்றெல்லாம் வளர்ப்பவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். வெளிநாட்டிலிருந்தும் படித்தார்கள். அங்கிருந்து வருகிற ஒரு பார்வைக்குக் கிடைப்பது நம் நாட்டுப் பார்வைக்குக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு.

ஏன் என்று கேட்டால் ஏலத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் பக்கத்தைத் திறக்கிற அந்த நொடியில், அங்கே இருக்கும் காலி இடத்துக்கு ஏலம் நடக்கிறது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அதுபோல ஒருவர் கேட்ட விலை இன்னொருவருக்குத் தெரியாது. அதிகம் கேட்டவருக்கு இடம். முன்பெல்லாம் ஜெயித்தவர் தன் விலையைக் கட்ட வேண்டியதில்லை, அடுத்தவரை மிஞ்சுகிற அளவுக்குக் கட்டினால் போதும். 2021 கடைசியில் கூகுள்காரர்கள் அதை மாற்றி, கேட்ட விலையையே கட்டச் செய்தார்கள். தளக்காரனுக்கு விளம்பரத் தொகையில் 68 சதவீதம் என்று 2010இல் வெளிப்படையாக அறிவித்தார்கள். 2024 தொடக்கத்தில் கணக்குமுறை மாறி, இடைக்கட்டணம் போக 80 சதவீதம் என்றார்கள். இடைக்கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்தால் நம் கைக்கு வருவது ஏறக்குறைய பழைய பங்கேதான். அதோடு, கிளிக்குக்குக் காசு என்ற முறை போய், விளம்பரம் கண்ணில் பட்டாலே காசு என்று ஆனது. 1994இல் ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி போட்ட முதல் பேனர் விளம்பரத்தைப் பார்த்தவர்களில் நூற்றுக்கு 44 பேர் அதைத் தொட்டார்களாம். இன்று நூற்றில் ஒருவர் தொட்டாலே அதிசயம். அதனால் இந்த மாற்றத்தில் எனக்கு நஷ்டம் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது தேருக்கும் துணிக்கும் வருவோம். தேர் பார்க்க வருகிறவர் என்ன வாங்குவார்? பூ, தேங்காய், பால்கோவா. பூக்காரம்மா ஏலத்துக்கு வரமாட்டார். பேண்டேஜ் துணியைத் தேடுகிறவர் ஓர் ஆஸ்பத்திரிக்கோ மருந்து மொத்த வியாபாரிக்கோ கொள்முதல் பார்க்கிற ஆளாக இருப்பார். அவர் ஒரு ஆர்டர் போட்டால் லட்சக்கணக்கில் போகும். அவர் கண்ணில் படுவதற்குச் சர்ஜிகல் கம்பெனிகள் போட்டி போடுகின்றன. அந்தப் பக்கத்தை எழுத எனக்கு உதவியவர் சொந்தமாகத் தறி வைத்திருக்கும் என் மாமா. நூல் நம்பர் என்ன, ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை, வெளுக்கிற முன்னும் பின்னும் எடை எப்படி மாறும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில், “இதப் போயி யாரு மாப்ளே படிக்கப் போறா?” என்றார். படிக்கிறவர்கள் குறைவுதான். ஆனால் காரியத்தோடு வருகிறவர்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்டாள் கோயில் கோபுரத்தைப் பற்றித் தமிழில் ஒரு சின்னப் பக்கம் எழுதியிருந்தேன். பதினொரு நிலை, தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம் என்று பள்ளியில் படித்தோமே, அந்தச் சங்கதிதான். பக்தர்களுக்காக எழுதியது. வந்ததோ டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். அவர்கள் பின்னால் கோச்சிங் சென்டர்களின் விளம்பரம் வந்தது. திருவிழாப் பக்கத்துக்கு ஆயிரம் பார்வைக்குக் கிடைப்பதைவிட இதற்கு நல்ல காசு. கோயில் அதேதான், படிக்கிறவர் வேறு.

முதல் பணம் கைக்கு வருவதற்கு முன் தபால்காரரின் தயவு வேண்டும். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் ஆறு இலக்க எண் ஒன்றைச் சாதாரணத் தபாலில் அனுப்புவார்கள். அதைக் கணக்கில் பதிந்தால்தான் முகவரி உண்மை என்று ஏற்பார்கள். எங்கள் தெருவில் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு. ‘கூகுள்லருந்து லெட்டர் வரும், மறக்காமக் குடுத்துருங்கண்ணே’ என்று தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். வேலைக்கு ஆர்டர் வருகிறது என்று அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்! எண்ணைப் பதிந்த பிறகும் 100 டாலர் சேரும்வரை காசு வராது. சேர்ந்தால் அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல் பேங்குக்கு வரும். டாலர் வந்ததும் கிளையில் கூப்பிட்டு, “என்ன ஏற்றுமதி பண்ணுறீங்க?” என்றார்கள். மில்லுக்காரர்கள் ஊர் இல்லையா, நூலா துணியா என்று கேட்கும் தோரணை. விளம்பரச் சேவை என்று சொல்லி, அதற்கான பி1007 என்ற ரிசர்வ் வங்கிக் குறியீட்டை எழுதிக் கொடுத்தேன். ராஜபாளையத்தில் உட்கார்ந்து நாய்க்குக் காது கேட்கிறதா என்று எழுதினால், சட்டப்படி அதற்குப் பெயர் சேவை ஏற்றுமதி.

அஃபிலியேட் வேறு ரகம். அதில் விளம்பரக்காரன் இடத்துக்குக் காசு கொடுப்பதில்லை, விற்றால்தான் கமிஷன். அமேசான் 1996இலேயே இதை அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. இந்தியக் கடையை 2013 ஜூனில் திறந்தது. நம் லிங்கைத் தொட்டு உள்ளே போனவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான், அல்லது கூடையிலாவது போட்டு வைத்தால்தான் நம் கணக்கு. 180 நாளைக்குள் மூன்று விற்பனையாவது ஆகாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். பொருளைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் திரும்பிப் போய்விடும். செல்போன் போன்ற விலை கூடிய சாமானுக்குக் கமிஷன் விகிதம் குறைவு. சில்லறைச் சாமானுக்கு விகிதம் கூடுதல், தொகை குறைவு. என் கணக்கு தொடங்கியது தெரிந்ததும் சொந்தக்காரர்கள், ‘ஒன் லிங்க்குலயே வாங்குறோம்ப்பா’ என்று பாசத்தோடு வந்தார்கள். அப்படி நாமோ சொந்தக்காரர்களோ வாங்குவதற்குக் கமிஷன் கிடையாது, விதியில் தெளிவாகவே இருக்கிறது. இதைச் சொன்னதும் என் சித்தி கோபித்துக்கொண்டார். அவரைச் சமாதானம் செய்ய இன்றுவரை முடியவில்லை.

நாய்ப் பக்கத்தில் கழுத்துப்பட்டை, உண்ணிக்கான ஷாம்பு, தீவனம் என்று போட்டேன், ஓடியது. ஆனால் அங்கே வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வேண்டியது குட்டி. “குட்டிக்கு ஆள அனுப்புங்க, ஆயிரம் ரூவா தாரேன்” என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் காசை நான் தொடவில்லை. நாய் வளர்த்து விற்பதற்கு 2017 விதிகளின்படி பதிவு வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதிவு இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் போனை வைத்துவிடுவார்கள். மீதிப் பேரிடம் வாங்கிய குட்டிக்குக் காது கேட்கவில்லை என்றால் வாங்கியவர் என்னைத்தான் கேட்பார். கழுத்துப்பட்டை அறுந்தால் மாற்றித் தரலாம், செவிட்டுக் குட்டிக்கு என்ன செய்வது?

சதுரகிரிப் பக்கம் எனக்கே ஆச்சரியம் தந்தது. தேர்க்கூட்டத்தைப் போலவே அதுவும் பக்தர் கூட்டம், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பொங்கும். ஒன்றும் விற்காது என்று நினைத்திருந்தேன். ஆனால் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து மலை ஏற வேண்டும். வயதானவர்கள் முழங்காலுக்கு நீ-கேப், கைக்கு ஊன்றுகோல், மழைக்கு ஒரு கோட்டு, பிடிமானம் உள்ள செருப்பு என்று முன்கூட்டியே தேடுகிறார்கள். அடுத்த நாள் மலைக்குப் போகிறவர் வாங்கமாட்டார், பார்சல் வந்து சேராது. பத்து நாள் முன்னால் திட்டம் போடுகிறவர் வாங்குவார். அதனால் அந்தப் பக்கத்தில் ‘இந்த அமாவாசை’ என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, அடுத்தடுத்த மூன்று அமாவாசைத் தேதிகளைப் போட ஆரம்பித்தேன். நீ-கேப் விற்பனை கூடியது. நல்ல நீ-கேப் எது என்று தெரிந்துகொள்ள, இரண்டு மூன்று ரகம் வாங்கி என் அம்மாவுக்கே மாட்டிப் பார்த்துத்தான் எழுதினேன். அந்தச் செலவு தொழில் செலவு.

பால்கோவாவுக்கு இந்த எந்த வழியும் பொருந்தவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பிறகு ‘ஒரிஜினல் எங்கே கிடைக்கும்’ என்று தேடுகிறவர்கள் கூடினார்கள். மதுரை பஸ் ஸ்டாண்டிலும் சென்னையிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பெயர் போட்ட டப்பாவுக்குப் பஞ்சமில்லையே. ஆனால் பாலும் சீனியும் மட்டும் போட்டு விறகடுப்பில் கிண்டி எடுக்கிற பண்டம் சில நாளைக்குத்தான் தாங்கும். கோடவுனில் அடுக்கி வைத்து விற்கிற பெரிய ஆன்லைன் கடைக்குத் தோதான சரக்கு அது இல்லை. வாங்கத் துடிக்கிறவர்கள் என் பக்கத்தில் நிற்கிறார்கள், அவர்களை அனுப்ப லிங்க் இல்லை.

சைக்கிளை மிதித்தால் முக்கால் மணி நேரம், பஸ்ஸில் அரை மணி. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்க் கோயில் பக்கம் ஒரு கடைக்காரரைப் பார்த்தேன். தினமும் கிண்டுகிறவர், கூரியரிலும் அனுப்புகிறவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

“தம்பி, ஒங்க சைட்டப் பாத்துட்டு எத்தன பேரு வாராங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்?”

“புதுசா ஒரு சிம் வாங்குங்க அண்ணாச்சி. அந்த நம்பர என் பக்கத்துல மட்டும் போடுறேன். அதுல வர்ற ஆர்டர் எல்லாம் என்னால வந்தது.”

கிலோவுக்கு இவ்வளவு என்று பேசினோம். யார் லிங்கிலிருந்து வந்தவர் என்று காட்டும் குக்கீயை வைத்துப் பெரிய கம்பெனி செய்வதை நாங்கள் ஒரு சிம் கார்டை வைத்துச் செய்தோம். 24 மணி நேரக் கெடு இல்லை, போன மாதம் படித்தவர் இந்த மாதம் கூப்பிட்டாலும் என் கணக்குதான். தீபாவளி முடிந்து நோட்டைப் புரட்டினார் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இந்தக் கமிஷன் கணக்கெல்லாம் பாத்துக்கிட்டு இருக்க முடியாது தம்பி, மாசத்துக்கு இவ்ளோன்னு வாங்கிக்கிடுங்க” என்றார். கமிஷன் அவர் நினைத்ததைவிடக் கூடிவிட்டது என்று புரிந்தது. மாதத் தொகையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டு ஒப்புக்கொண்டேன். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்கு இன்றும் வருத்தம். பக்கத்தின் தலையிலேயே ‘விளம்பரம்’ என்று போடுகிறேன். “விளம்பரம்னு போட்டா எவன் நம்புவான்?” என்பார். காசு வாங்கிக்கொண்டு பாராட்டினால் அதைச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2021இலும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலும் விதி போட்டிருக்கின்றன. விதி இல்லாவிட்டாலும் போட்டிருப்பேன். போட்டதால் ஆர்டர் குறையவில்லை.

அதே முறையில் இப்போது ராஜபாளையத்தில் சப்பட்டை மாம்பழம் கூரியரில் அனுப்பும் ஒரு தோப்புக்காரர், மலையேறுபவர்களுக்கு வேன் விடுகிற ஒருவர் என்று சில உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள். மாம்பழக்காரர் சீசனுக்கு மட்டும். மழை அடித்துப் பிஞ்சு உதிர்ந்த வருடம் அவரிடம் நான் காசு கேட்பதில்லை.

இவர்கள் இல்லாவிட்டால் 2023க்குப் பிறகு நான் மறுபடி மில் கணக்கெழுதப் போயிருப்பேன். அந்த ஆண்டு செப்டம்பரில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியபோது உலகம் முழுக்கச் சின்னத் தளங்கள் பல சரிந்தன. 2024 ஆகஸ்டில் ஏஐ தருகிற சுருக்க விடை இந்தியாவுக்கும் வந்தது. ‘பால்கோவா செய்வது எப்படி’, ‘ஆண்டாள் வரலாறு’ போன்ற என் பழைய பக்கங்கள் படுத்துவிட்டன. அதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. பத்துப் பேர் எழுதியதைப் பதினோராவது ஆளாக எழுதிய பக்கங்கள் அவை. நிற்பவை, நான் போன் போட்டுக் கேட்டு எழுதியவை: இந்த ஆண்டுத் திருவிழா நேரம், மாமாவின் தறிக்கணக்கு, அம்மாவின் முழங்காலில் நின்ற நீ-கேப்.

வருமானம் ஆண்டு முழுதும் ஒரே சீராக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நவராத்திரி தொடங்கித் தீபாவளிவரை விளம்பரக்காரர்கள் பணத்தை இறைப்பார்கள். டிசம்பர் முடிந்ததும் ஜனவரியில் அதே பார்வைக்குப் பாதிதான் கிடைக்கும். புதிதாக வந்தவர்கள் ஜனவரியில் பதறிப்போய்த் தளத்தையே மாற்றி அமைப்பார்கள், வேண்டாம். இந்திய கம்பெனிகள் தரும் கமிஷனில் வரி பிடிப்பார்கள். முன்பு 5 சதவீதம், 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்துவிட்டு, ஜூலையில் ரிட்டர்ன் போட்டு, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். பார்வையைக் கூட்டித் தருகிறேன் என்று காசு கேட்டு வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிட வேண்டும். பொய்ப் பார்வையைக் கண்டுபிடித்தால் அந்தக் காசைக் கழிப்பதோடு கணக்கும் போகலாம்.

கடைசியாக ஒன்று. ‘மாதம் 50 ஆயிரம், வீட்டிலிருந்தே’ என்று பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்களின் நோட்டீஸ் எங்கள் பஸ் ஸ்டாண்டுச் சுவர்வரை வந்துவிட்டது. அவர்களில் பலருக்கு வருமானம் வெப்சைட்டில் இருந்து வருவதில்லை, வகுப்புக் கட்டணத்திலிருந்து வருகிறது. வகுப்புக்குக் கட்ட வைத்திருக்கிற காசில் ஒரு டொமைனும் ஓராண்டு ஹோஸ்டிங்கும் வாங்குங்கள். உங்கள் ஊரில் மற்றவர்களுக்குத் தெரியாத, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு தொழிலைப் பற்றி எழுதுங்கள். கைவசம் உள்ள வேலையை இரண்டு ஆண்டுக்கு விடாதீர்கள். ஆட்சென்ஸ் கணக்கோ அமேசான் அசோசியேட்ஸ் கணக்கோ தொடங்க ஒரு பைசா கட்டணம் கிடையாது.